கீழே போகிற சேலை

எங்கள் மலையில் யாரும் தழை கட்டிக்கொண்டு திரிந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போய்விட்டது. எனக்குத் தெரிந்து கட்டியதில்லை, என் அம்மாவுக்குத் தெரிந்தும் கட்டியதில்லை. தலையில் இறகு செருகியதில்லை. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டமாகக் குதித்ததில்லை. வழிதவறி வந்த யாரையும் மரத்தில் கட்டிவைத்து அடியில் நெருப்பு மூட்டியதில்லை. வழிதவறி வந்தவர்களுக்கு என் அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுவோம். மலையை விட்டு இறங்குவதற்கு எங்கள் ஊரில் ஒரே பேச்சுதான்: கீழே போவது. கச்சிராயபாளையம் ஆனாலும், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி ஆனாலும், எல்லாமே கீழே. அப்படிக் கீழே போகிறவர்கள் இருப்பதிலேயே நல்ல துணியைத்தான் உடுத்திக்கொண்டு போவார்கள். காய்ச்சலில் துவண்டு கிடக்கிற ஆளைக்கூடச் சட்டை மாற்றி, தலை சீவித்தான் பஸ் ஏற்றுவார்கள். கீழே இருப்பவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரு குறையும் கிடைக்கக் கூடாது, அதுதான் விஷயம். பெண்கள் இதற்கென்றே டிரங்குப் பெட்டியில் ஒரு சேலையை மடித்து வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்குக்கூட அதை எடுக்க மாட்டார்கள். அதற்குப் பெயரே கீழே போகிற சேலை.

அம்மாவுடையது ரோஸ் நிற நைலக்ஸ், பச்சைக் கரை. என்னைக் கள்ளக்குறிச்சியில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக எடுத்தது. அப்போது எங்கள் ஊரிலிருந்து பெண்பிள்ளை யாரும் கீழே போய்ப் படித்ததில்லை. சித்தப்பா, மாமா எல்லோரும் வந்து உட்கார்ந்து, பொட்டைப் பிள்ளையைக் கண்காணாத இடத்தில் விடுவதாவது என்று சத்தம் போட்டார்கள். அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். விடியற்காலையில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஒயர் கூடையில் என் துணிகளை வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்கு மழையில் மண் சரிந்து பஸ் ஏறி வரவில்லை. கச்சிராயபாளையம் வரைக்கும் நடந்தே இறங்கினோம். வழியில் ஓடை வந்த இடத்தில் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கரையேறியதும் முதல் வேலையாகச் சேலையை இறக்கி, மடிப்பைச் சரிசெய்தாள். அதற்கப்புறம்தான் என்னைக் கீழே இறக்கினாள்.

நான் இப்போது கோபமாகச் சொல்லப்போகிற கதையெல்லாம் அந்த நடையைப் பற்றியதுதான்.

விடுதியில் ஒரு பீரோ நிறைய படக்கதைப் புத்தகங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள். நான் படம் வரையக் கற்றுக்கொண்டது அந்தப் பீரோவின் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டுதான். எத்தனை புத்தகம் புரட்டினாலும் எங்களைப் போன்றவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் வருவார்கள். கதாநாயகனின் ஜீப் காட்டில் ரிப்பேராக வேண்டும். உடனே புதருக்குள்ளிருந்து நாங்கள் எட்டிப் பார்ப்போம். எங்களுக்குப் பேச்சு வராது, ‘ஊகா ஊகா’ மட்டும்தான் வரும். தலைவன் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் ஒரே முகம். ஆனால் அதே காட்டில், அதே வெயிலில் வளர்ந்த தலைவனின் மகள் மட்டும் பால் நிறத்தில் இருப்பாள், ஏனென்றால் கடைசியில் கதாநாயகன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமே. இந்த அதிசயம் எப்படி நடந்தது என்று எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

என் பக்கத்துப் பாய்க்காரி மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். அவளும் தன் ஆட்களைப் புத்தகங்களில் தேடினாள். பண்ணையார் வருகிற பக்கத்தில், தூரத்தில், குனிந்துகொண்டு நாலைந்து முதுகு தெரியும். அவ்வளவுதான். ஒரு நாள் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

“இன்னாமே இது, எங்கப்பாவுக்கு மூஞ்சே வரைய மாட்டாங்களா?” என்று கேட்டாள்.

நான் ஒரு பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தின் ஓரத்தில் அவள் அப்பாவின் முகத்தை வரைந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவாரே, அந்த முகம். புத்தகத்தில் கிறுக்கியதற்காக இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. இப்போதும் சொல்கிறேன், அது கிறுக்கல் இல்லை.

அந்த வருஷம் ஆண்டு விழாவில் ஒரு நாடகம் போட்டார்கள். ராஜா வேட்டைக்குப் போகிறார், காட்டுவாசிகள் பிடித்துக்கொள்கிறார்கள், ராஜா தப்பிக்கிறார். ராஜாவுக்கும் மந்திரிக்கும் ஆள் தேர்வு செய்ய நாலு நாள் வசனம் சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். காட்டுவாசிகளுக்கு யாரையும் தேர்வு செய்யவில்லை. மலையிலிருந்து வந்திருந்த எங்கள் மூன்று பேரையும் நாடகத்துக்குப் பொறுப்பான டீச்சர் கூப்பிட்டு நிறுத்தி, நீங்கள் நடிக்கவே வேண்டாம், சும்மா வந்தால் போதும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் மேடை ஏறப் போகிறாள் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அம்மா கீழே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குச் சமையல்கட்டுக் கரியை எண்ணெயில் குழைத்து முகம், கை, கால் எல்லாம் பூசினார்கள். நாங்கள் ஏற்கெனவே கறுப்புதான், அது போதவில்லை போலிருக்கிறது. இடுப்பில் வேப்பந்தழை. நான் ‘ஊகா ஊகா’ என்று குதித்தபடியே அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, திரை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் தேடிக்கொண்டு வந்தாள். நான் கரியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டிப் போய் டீச்சரிடம் என் பெயரைச் சொல்லி, பிள்ளை எங்கே என்று கேட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார்.

“நீ எப்ப வருவே, எப்ப வருவேன்னு பாத்துக்கினே இருந்தேன் பாப்பா” என்றாள் அம்மா.

வந்தேனே என்றேன். முந்தானையால் என் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கியவள், எந்தச் சேலை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்புப் போட்டு, காது மடலுக்குப் பின்னால்கூட ஒரு பொட்டுக் கரி இல்லாமல் தேய்த்துக் கழுவினாள். தோல் எரிந்தது. பெற்ற தாய்க்கே மகளை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டு, அதற்கு எங்கள் ஊரின் பெயரை வைக்கிறார்களே என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு அழத்தான் தெரிந்தது.

பிறகு படித்து, கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பேனர் கடையில் டிசைன் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டோவைக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சம் கலராக்குங்க என்பார்கள். செத்துப்போனவரைக்கூட வெளுக்கச் சொல்வார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எனக்காக வரைவேன். என் ஊர் ஆட்களை, அவர்கள் இருக்கிற நிறத்தில், அவர்களுடைய துணியோடு வரைவேன். வேறு எங்கே பார்ப்பது?

ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் பேனர் கட்டப் போன இடத்தில்தான் அந்தப் பதிப்பாளர் பழக்கமானார். சென்னைக்காரர். பெரியவர்கள் படிக்கிற படக்கதை, கிராஃபிக் நாவல் என்று போட்டுக்கொண்டிருந்தார். என் படங்களைப் பார்த்துவிட்டு என் ஊரைப் பற்றிக் கேட்டார். அம்மா என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். இதைப் புத்தகமாகப் போடுவோம், நான் எழுதுகிறேன், நீங்கள் வரையுங்கள், இதுவரைக்கும் யாரும் காட்டாத முகங்களைக் காட்டுவோம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கரியாலூர் பஸ் கண்டக்டர் வரைக்கும் விஷயம் போய்விட்டது.

சீசன் சமயத்தில் அருவி பார்க்க வந்த பதிப்பாளர், கேமராவோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா கீழே போகிற சேலையில் வாசலில் நின்றாள். கீழே இருந்து ஆள் மேலே வந்தாலும் அதே சேலைதான், கணக்கு ஒன்றுதானே. மடித்து மடித்து வைத்து ஓரிரு இடத்தில் இழை விட்டிருந்தது, ஆனாலும் ரோஸ் நிறம் அப்படியே இருந்தது. அவர் இரண்டு படம் எடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா வேலைக்குப் போகும்போது உடுத்துகிற சேலை இருந்தால் நன்றாக இருக்கும், இது கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது என்றார். நான் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னேன்.

“ஏன், இந்தச் சேலைக்கு இன்னா? வூட்டுக்கு வந்தவங்க முன்னால கிழிஞ்சத கட்டினு நிக்கச் சொல்றாரா?” என்று கேட்டுவிட்டு, அவருக்குப் பலாச்சுளை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

அவர் அதை நிறையச் சாப்பிட்டார்.

வரைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் பக்கங்களை அனுப்பியதும் ஆரம்பித்தது. அப்பாவின் கையில் ஒரு பானை வேண்டும் என்றார். என்ன பானை என்றால், சாராயப் பானை. என் அப்பா மரவள்ளி லாரியில் லோடு ஏற்றியவர், வெற்றிலை தவிர வேறு எதையும் வாயில் வைத்தவர் இல்லை. கல்வராயன் மலை என்றாலே வாசகர்களுக்கு அது நினைவு வருமே என்றார் பதிப்பாளர். வரத்தான் செய்யும், வருஷம் முழுக்கப் பேப்பரில் அதை மட்டும் போட்டால் வேறு எது நினைவுக்கு வரும்? மலையில் காய்ச்சுகிறவன் இருக்கிறான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காக ஊரில் இருக்கிற அத்தனை அப்பனின் கையிலும் பானையைக் கொடுத்துவிட முடியுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். பானை போனது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அம்மா. ஒரு நாள் போனில் சொன்னார்.

“நீங்க வரைஞ்சிருக்கிறது அழகா இருக்கு. ஆனா இவங்க எந்த ஊர் அம்மாவா வேணும்னாலும் இருக்கலாமே. பார்த்த உடனே மலைன்னு தெரிய வேண்டாமா?”

“பின்னாடிதான் மலையை வரைஞ்சிருக்கேனே சார்” என்றேன்.

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஒரு மணிமாலையாவது, நெற்றியில் பச்சைக்குத்தாவது, தலையில் ஒரு இலையாவது என்று பேரம் பேசிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றேன். என் வேலை கோட்டோவியம் மட்டும்தான். பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினால், சென்னையில் ஒருவர் கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுப்பார். அந்த ஆளை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ‘சேலை ரோஸ், கரை பச்சை’ என்று எழுதி எழுதி அனுப்பினேன். வண்ணம் முடிந்ததும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நேரமில்லை, அச்சகத்துக்குப் போய்விட்டது, என்னை நம்புங்கள் என்றார்.

புத்தகப் பார்சல் கள்ளக்குறிச்சிக்கு என் வீட்டுக்கு வந்தது. பிரித்து அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

சேலையை அழித்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் அழிப்பது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியாதா, என் பிழைப்பே அதுதான். நான் போட்ட கோடுகளை எடுத்துவிட்டு, மார்பு வரைக்கும் ஒரு இலைப்பச்சைத் துணி, கழுத்து நிறைய மணி, நெற்றியில் புள்ளிப் புள்ளியாகப் பச்சை, காதுக்கு மேல் இறகு. ஓடையைக் கடக்கிற பக்கத்தில் முழங்கால் தெரிய நின்றவளுக்குத் தொடை வரைக்கும் ஏற்றியிருந்தார்கள். கரையேறிச் சேலையை இறக்குகிற கட்டம்? அதைக் காணவே காணோம். இறக்குவதற்குச் சேலை இருந்தால்தானே. பின்னட்டையில், விளிம்புநிலைக் குரல், பன்முகத்தன்மைக்கு ஒரு கொடை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஓவியம் என்று என் பெயர்.

உடனே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். வண்ணம் கொடுத்தவர் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டார், ஆனால் படித்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள் என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

“உங்க அம்மாவை இப்படிப் போடுவீங்களா சார்?” என்று கேட்டேன்.

“எங்க அம்மாவைப் பத்தி யாரும்மா படிக்கப் போறாங்க?” என்றார். பணிவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

போனை வைத்துவிட்டேன். அவருடைய அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது, சேலை இருக்கிறது, அவரைப் பற்றிப் புத்தகம் போட ஆளில்லை. என் அம்மாவைப் பற்றிப் புத்தகம் போட்டாகிவிட்டது, ஆனால் அதில் அவள் இருக்கக் கூடாது. இதுதான் அவர்கள் எங்களுக்குக் கொடுக்கிற இடம். வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் இடத்தை என்று சத்தமாகச் சொன்னேன். சுவர்தான் கேட்டது.

அம்மாவிடம், புத்தகம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. இந்த வாரம் வந்துவிடும் என்று நான் முன்பு எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாவே இறங்கி வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் கீழே போகிற சேலையில் இருந்தார்கள். தலையில் பூ. அம்மாவின் ரோஸ் சேலைக்கு இஸ்திரி போட்டிருந்தது, ஊரில் யாரிடம் பெட்டி வாங்கினாளோ. பார்சல் மேசை மேலேயே கிடந்தது. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்துவிட்டார்கள்.

முதல் பக்கத்தில் அம்மா நிதானமாகப் பார்த்தாள். இரண்டாவது பக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

“இவங்கல்லாம் எந்த நாட்டுக்காரங்க? பாவம், துணிமணிக்கு வழியில்லாதவங்களாட்டம் கீது.”

கிண்டல் இல்லை, உண்மையாகவே பரிதாபப்பட்டாள். அம்மாவும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இது கதையில் முதலில் வருகிற வேறு யாரோ, நம் ஆட்கள் இனிமேல் வருவார்கள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அம்மா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓடை வந்தது. தோளில் பிள்ளையோடு தழைக்காரி ஒருத்தி தண்ணீரில் இறங்கினாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் எங்கேயோ தேடினாள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து திரை ஓரத்தைப் பார்த்தாளே, அதே கண். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூன்று பேரும் அத்தனை ஆசையாகக் குனிந்திருந்தார்கள், தண்ணீர்ச் சொம்பை அவர்கள் பக்கத்தில் வைத்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வந்தது. ஒரு முழுப் பக்கம். நான் ஆசை ஆசையாக வரைந்தது: கரும்பு ஜூஸ் வண்டி, பூக்கடை, விழுப்புரம் பஸ்ஸில் தொங்குகிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் நடுவில், ஒரு பெண் ஒயர் கூடையோடு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி ஊரைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்குச் சேலை ரோஸ், கரை பச்சை. வண்ணம் கொடுத்தவருக்கு அது யார் என்று தெரிந்திருக்காது. கீழே இருக்கிற யாரோ ஒரு பெண் என்று நினைத்து, ஓரத்தில் நான் எழுதியிருந்தபடியே வண்ணம் போட்டுவிட்டார். விடுதியில் மணலூர்பேட்டைக்காரி தன் அப்பாவின் முகத்தைக் கேட்டது எனக்கு நினைவு வந்தது. இவ்வளவு வருஷம் கழித்து, முகமில்லாமல் நிற்பது என் அம்மா. ஓவியம், நான்.

அம்மா விரலை வைத்துவிட்டாள்.

“தோ, இது நானு. என் சேலை எனக்குத் தெரியாதா? கூடையப் பாரு, அதே கூடை. இது பாப்பா.”

மற்ற இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஆமாம், நீதான், கொண்டைகூட அப்படியே கீது என்றார்கள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“திரும்பினு நிக்கறேனே பாப்பா, மூஞ்சி எங்க? அடுத்த பக்கத்துல இந்தப் பக்கம் திரும்பறனா?”

பக்கத்தைப் புரட்ட, விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டாள். அடுத்த பக்கத்தில் திரும்பி நிற்பது அந்தத் தழைக்காரிதான் என்று எனக்குத் தெரியும். நான் குனிந்து, அந்தத் தாளின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.